வசந்தினிக்கு வியர்த்த நான்கு நாட்கள்

தன் மனைவிக்கு ஊசி போடுகிற உரிமையைச் சந்தியோகு ஒரு திருக்கை மீனிடம் பறிகொடுத்தார். குருநகர் இறங்குதுறையில் வலையைத் தட்டிக்கொண்டிருந்தார். செத்துவிட்டதென்று நினைத்து அவர் தூக்கிய திருக்கை வாலைச் சுழற்றி, வலது உள்ளங்கையில் முள்ளை இறக்கிவிட்டது. நாற்பது வருடம் கடலோடு பழகிய மனுசனுக்கு இதுவும் வேண்டுமா என்று துறையே சிரித்தது. கை பொங்கி வீங்கியது. தையல் போட்டு, விரல் நுனி மட்டும் தெரியத் துணியால் சுற்றி, பதினைந்து நாளைக்கு அந்தக் கையால் ஒன்றையும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வலியை அவர் பெரிதாக எடுக்கவில்லை. நாளை விடிந்தால் வசந்தினிக்கு யார் ஊசி போடுவது என்பதுதான் அவருடைய கவலை.

வசந்தினிக்குச் சீனி வருத்தம். இரவில் குளிசை, காலையில் இன்சுலின் ஊசி. ஊசி தொடங்கிப் பதினொரு வருடம். முதல் நாள் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு செபம் சொன்னாள். தன் கையால் தனக்கே குத்திக்கொள்வது அவளால் ஆகாத காரியம். வலைக்கண் பின்னிப் பழகிய கை நடுங்காது என்று சந்தியோகுதான் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். தொப்புளுக்கு இடப்பக்கம் நான்கு விரல் தள்ளி ஓர் இடம். ஒருநாள் அங்கே குத்தியபோது, “நோகேல்லையே” என்று அவள் ஆச்சரியப்பட்டுக் கண்ணைத் திறந்தாள். அன்றிலிருந்து அவர் அந்த இடத்தை விடவில்லை. நோகாத இடம் ஒன்று கிடைத்த பிறகு எந்த மடையன் வேறு இடம் தேடுவான்?

கிளினிக்கில் தாதி மிஸிமார் இரண்டு மூன்று தடவை, “எவ்விடத்திலை போடுறியள், காட்டுங்கோ பாப்பம்” என்று கேட்டிருக்கிறார்கள். அத்தனை சனத்துக்கு நடுவில் சட்டையைத் தூக்கிக் காட்டுவதற்கு வெட்கப்பட்டு, “அதெல்லாம் இவர் சரியாத்தான் போடுறார் மிஸி” என்று வசந்தினி நழுவிவிட்டாள். சீனி மட்டும் சொல்லுக் கேட்கவில்லை. பதினான்கு யூனிட்டில் தொடங்கிய ஊசி அளவு வருடத்துக்கு வருடம் ஏறி முப்பத்தெட்டில் வந்து நின்றது.

“எங்கடை இவர் குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிக்கூட இல்லை” என்று கோயில் வாசலில் அவள் மற்றப் பெண்களிடம் சொல்லுவாள். சந்தியோகு காதில் விழாதவர்போலத் தள்ளி நிற்பார். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

இப்போது அந்தக் கைக்குக் கட்டுப் போட்டாயிற்று. இடது கையால் முயன்று பார்த்தார். ஊசி ஆடிய ஆட்டத்தைக் கண்டு வசந்தினி கட்டிலின் அந்தப் பக்கம் போய்விட்டாள். மன்னாரில் இருக்கும் மகள் ஜெசிதா போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

“ஏனப்பா யோசிக்கிறியள்? ஜெறோம் மாமா இருக்கிறார்தானே. அவருக்கு உது கைவந்த வேலை.”

சந்தியோகுவுக்குச் சுருக்கென்றது.

“குருநகரிலை ஊசி போடத் தெரிஞ்ச பொம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?”

“விடிய ஆறரைக்கு உங்கடை வீட்டுக்கு ஆரப்பா வருவினம்? மாமா ரெண்டு ஒழுங்கை தள்ளித்தானே இருக்கிறார்.”

ஜெறோம் வசந்தினிக்கு மச்சான். வெறும் முறை மச்சான் அல்ல, சொந்தத் தாய்மாமனின் மகன். வசந்தினிக்குப் பதினெட்டு வயதில் அவரைத்தான் பேசி வைத்திருந்தார்கள். நாட்டில் பிரச்சினை முற்றியபோது, இருக்கிற உயிரைக் காப்பாற்றிக்கொள் என்று தகப்பன் ஜெறோமை ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டார். ஒரு வருடம் கடிதம் வந்தது. பிறகு கடிதமும் நின்றது. அந்த இடைவெளியில் வந்து புகுந்தவர்தான் சந்தியோகு. முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்து, பிள்ளை பெற்று, கட்டிக்கொடுத்து எல்லாம் முடிந்த பிறகும், மற்றவன் வராத காரணத்தால் தனக்குக் கிடைத்தவள் இவள் என்கிற எண்ணம் அவருடைய மனதின் ஒரு மூலையில் புகைந்துகொண்டே கிடந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விசயமா இது?

ஜேர்மனியில் வயோதிபர் இல்லம் ஒன்றில் இருபத்தேழு வருடம் வேலை செய்தார் ஜெறோம். மனைவி இறந்துவிட, போன வருடம் யாகப்பர் கோயில் திருவிழாவுக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். தலைமயிர் கொட்டவில்லை. தொந்தி விழவில்லை. அறுபது வயதில் ஒரு மனுசன் இப்படி இருப்பது சந்தியோகுவின் பார்வையில் அநியாயம்.

மறுநாள் சரியாக ஆறரைக்கு வாசல் படலை திறந்தது. ஜெறோம் மினுக்கிய சேட்டுப் போட்டுக்கொண்டு, ஏதோ வாசனையும் பூசிக்கொண்டு வந்தார். ஊசி போட வருகிறவனுக்கு வாசனை எதற்கு என்று சந்தியோகு தன்பாட்டில் முணுமுணுத்தார்.

“அண்ணை, கை எப்பிடி?”

“கிடக்கு.”

ஜெறோம் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மருந்துப் போத்தலை உள்ளங்கைகளுக்கிடையில் மெல்ல உருட்டினார். வசந்தினி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சந்தியோகு கதிரையை இழுத்துப் போட்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு எதிரில் இருந்தார்.

“எவ்விடத்திலை மச்சாள் போடுறவர்?”

“வயித்திலை.”

ஜெறோம் ஒருகணம் தயங்கினார். சந்தியோகுவைப் பார்த்தார். பிறகு, “நாங்கள் கையிலை போடுவம். கையும் நல்ல இடந்தான்” என்றார். வசந்தினி சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். மேற்கையின் பின்புறச் சதையை மெதுவாகப் பிடித்து ஜெறோம் குத்தினார்.

“ஸ்…” என்றாள் வசந்தினி.

“நோகுதோ மச்சாள்?”

“கொஞ்சம்.”

சந்தியோகுவுக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது. பார்த்தாயா? ஜேர்மனியில் இருபத்தேழு வருடம் குத்திப் பழகியவன் குத்தினால் நோகிறது. நான் பதினொரு வருடம் குத்தி ஒருநாள் நொந்ததில்லை. அந்தச் சந்தோசம் முழுதாக நாலு மணித்தியாலம் நின்றது.

பத்தரை இருக்கும். வசந்தினி குசினியில் சீலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தை பிறக்க இன்னும் நாலு நாள் கிடந்தது. காலையில் போர்வையை விட்டு எழும்பவே மனம் வராத குளிர். அந்தக் குளிரில் வசந்தினிக்கு வியர்த்தது. நெற்றியில், மூக்கின் கீழே, கழுத்தில் முத்து முத்தாக நின்றது.

“உனக்கேன் வேர்க்குது?”

“தெரியேல்லை. ஏதோ ஒரு மாதிரிக் கிடக்கு.” துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஜெறோம் கொண்டுவந்து வைத்திருந்த பேக்கரிப் பணிஸ் ஒன்றை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டாள். வழக்கமாகப் பதினொரு மணிக்குத் தேத்தண்ணீரோடு இரண்டு பிஸ்கட் தின்கிறவள் முழுப் பணிசையும் நின்ற நிலையில் தின்று முடித்தாள். கால் மணித்தியாலத்தில் முகம் தெளிந்து, பாட்டு ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டாள்.

சந்தியோகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெறோமின் பணிஸ் உள்ளே போனதும் பாட்டு வருகிறது என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் அவள் கை நடுங்கியது. தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டும்போது கோப்பைக்குள் தேத்தண்ணீர் ஆடுவதைக் கண்டார். “நெஞ்சு படபடவெண்டு அடிக்குது, பாருங்கோ” என்று அவரிடமே சொன்னாள். தன்னுடைய கை இப்படி நடுங்கியது எப்போது என்று சந்தியோகுவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் முதல் தடவையாக அவளுடைய வீட்டுக்குப் போய், அவள் கொண்டுவந்த கோப்பையை வாங்கியபோது. அன்றைக்கு அவளுடைய கை நடுங்கவே இல்லை என்பதும் ஞாபகம் இருந்தது.

“அடிக்கும், அடிக்கும். ஏன் அடிக்காது?” என்றார்.

“ஏன் எரிஞ்சு விழுறியள்?”

“நான் ஆர் எரிஞ்சு விழ?” கோப்பையை அப்படியே வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அவள் ஒரு பனங்கட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மரவாங்கில் சாய்ந்திருந்தாள். பிறகு எழும்பி வேலையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. யன்னலடியில் நின்று படலையைப் பார்த்தபடியே இருந்தாள். “ஆரைப் பாக்கிறாய்?” என்று கேட்டால், “ஆரையும் இல்லையே” என்று சொல்லிவிட்டுக் காரணம் இல்லாமல் சிரித்தாள். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்குப் படலையில் என்ன வேலை? வியர்வை, நடுக்கம், படபடப்பு, பராக்கு, சிரிப்பு. எல்லாம் காலையில் ஜெறோம் வந்து போன பிறகுதான். சந்தியோகு பள்ளிக்கூடத்தில் கணக்கில் மோசம். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் மிக வேகமாகப் போட்டு விடையும் எழுதிவிட்டார். பழையது திரும்பிவிட்டது.

விசர் மனுசன். அவளைப் பிடித்து உட்கார வைத்து, உனக்கு என்ன செய்கிறது என்று ஒரே ஒரு தரம் பரிவாகக் கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தார்.

நான்காம் நாள் ஜெறோம் வந்தபோது சந்தியோகு கதிரையில் இருக்கவில்லை. “நீங்கள் கதையுங்கோ, எனக்குத் துறையிலை அலுவல் கிடக்கு” என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். கட்டுப் போட்ட கைக்குத் துறையில் ஒரு அலுவலும் இல்லை. மற்றவர்கள் வலையில் மீன் தெரிந்தெடுப்பதைப் பார்த்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் கடித்துக் குதறிக்கொண்டு பதினொரு மணிவரை இருந்தார். பிறகு இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார்.

குசினியில் வசந்தினி சுவரில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். சட்டை தண்ணீரில் நனைத்து எடுத்ததுபோல் உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

“மச்சான்…” என்றாள் குழறலாக. “படலையைத் திறவுங்கோ மச்சான்…”

சந்தியோகு வாசலிலேயே நின்றுவிட்டார். முப்பத்தெட்டு வருடம் அவர் பயந்து பயந்து காத்திருந்த சொல் அது. தன் காதாலேயே கேட்டாயிற்று. கோபம் உச்சந்தலையில் ஏறி நின்றது. அடுப்பில் கறி கொதித்து வழிந்தது. அவர் அசையவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். கூடவும் இருக்கலாம். பிறகு அவள் பக்கவாட்டில் சரிந்து, தலை நிலத்தில் இடித்த சத்தம் கேட்டது. அப்போதுதான் அவருக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது.

அவர் போட்ட கூச்சலில் ஒழுங்கையே கூடியது. யாரோ ஓடிப்போய் ஜெறோமையும் கூட்டி வந்துவிட்டார்கள். சந்தியோகு இடது கையில் சீனி போட்ட தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு, வசந்தினியின் வாயைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஊத்தாதேங்கோ! நினைவில்லாத ஆளுக்கு வாயாலை குடுக்கக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ளை போயிடும்!” ஜெறோம் கோப்பையைப் பறித்து வைத்தார். அவளை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தினார். தன் பைக்குள் இருந்த சின்ன மெசினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். முப்பத்தொன்று. “எழுபதுக்குக் கீழை போகக் கூடாது” என்றார் ஜெறோம். பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றி, பத்து நிமிடத்தில் ஆசுப்பத்திரியில் சேர்த்தார்கள். நரம்பில் குளுக்கோஸ் ஏறி முடிய முதலே வசந்தினி கண்ணைத் திறந்து, “அடுப்பை நிப்பாட்டினியளோ?” என்று கேட்டாள். சந்தியோகு குந்தியிருந்து குழந்தை மாதிரி அழுதார்.

பின்னேரம் டொக்டர் கஜானி வந்தார். இளம் பெண், ஆனால் கேள்விகள் பொலிஸ்காரன் கேட்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காலைச் சாப்பாடு விட்டதா? விரதம் ஏதும் பிடித்தாவா? புதிதாகக் குளிசை ஏதும் தொடங்கியதா? குறிஞ்சா, பாகற்காய்ச் சாறு என்று ஏதும் குடித்தாவா? வழக்கத்தைவிடக் கூட நடந்தாவா? ஊசி இரண்டு தரம் போடப்பட்டதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் பதில். சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் நன்றாக இருந்தது.

“அப்ப என்னதான் மாறினது?”

“ஊசி போடுற ஆள் மாறினது” என்றார் சந்தியோகு. இதைச் சொல்வதற்காகவே மத்தியானத்திலிருந்து காத்திருந்தார். “இவர் வந்து நாலு நாள். நான் போட்ட பதினொரு வருசமும் இவவுக்கு ஒண்டும் வரேல்லை.”

சுவரோரம் நின்ற ஜெறோம் தலையைக் குனிந்தார். “முப்பத்தெட்டுத்தான் டொக்டர் போட்டனான். ரெண்டு தரம் பாத்துத்தான் இழுத்தனான்.”

“எவ்விடத்திலை?”

“கையிலை. அண்ணை வயித்திலை போடுறவராம். ஆனா நான்…” ஜெறோம் தயங்கினார். “அவவின்ரை சட்டையை விலக்கச் சொல்லிக் கேக்க எனக்குக் கூச்சமாக் கிடந்தது. அண்ணையும் முன்னாலை இருக்கிறார். அதாலை கையிலை போட்டனான்.”

டொக்டர் திரையை இழுத்து மறைத்துவிட்டு வசந்தினியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு சந்தியோகுவை உள்ளே கூப்பிட்டு, அவருடைய இடது கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தொப்புளுக்கு இடப்பக்கம் நான்கு விரல் தள்ளி, தோலுக்குக் கீழே முட்டைக்கோப்பி குடிக்கிற சின்னக் கோப்பை அளவில் ஒரு கட்டி. பதினொரு வருடமாகப் பார்த்த இடம். அது அவளுடைய உடம்பின் பாகம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

“ஒரே இடத்திலை திரும்பத் திரும்பக் குத்தினா கொழுப்பு இப்பிடித் தடிக்கும். இதுக்குள்ளை போடுற மருந்து ஒழுங்கா உடம்பிலை சேராது. சீனி குறையேல்லை எண்டு கிளினிக்கிலை அளவைக் கூட்டியிருக்கினம். முப்பத்தெட்டைப் போட்டாலும் இவவுக்கு வேலை செய்தது அரைவாசியோ என்னவோ. இப்ப நல்ல சதையிலை அந்த முப்பத்தெட்டும் முழுசா வேலை செய்திருக்கு. அவ்வளவுதான்.”

“ஆனா டொக்டர், அந்த இடம் அவளுக்கு நோகிறேல்லையே” என்றார் சந்தியோகு.

“நோகாதுதான். கட்டி விழுந்த இடத்திலை உணர்ச்சி குறைஞ்சு போகும்.”

சந்தியோகு கையை எடுத்தார். கோயில் வாசலில் நின்று காது குளிரக் கேட்ட பெருமையெல்லாம் அந்தக் கட்டிக்குரியது. தன் கையின் சிறப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. அதுவும் ஜெறோம் கேட்டுக்கொண்டு நிற்க வெளியில் வந்தது. அவருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

டொக்டர் வசந்தினியின் கிளினிக் புத்தகத்தைத் திறந்தார். “இன்னொண்டு. முந்தின நாளுகளிலை அறிகுறி ஏதும் தெரிஞ்சதோ? வேர்க்கிறது, கை நடுங்கிறது, நெஞ்சு படபடக்கிறது, பசி, கூப்பிட்டா விளங்காமல் நிக்கிறது, சும்மா சிரிக்கிறது?”

ஒவ்வொன்றாக, அவர் மனதில் எழுதி வைத்திருந்த அதே வரிசையில் சொன்னதுபோல இருந்தது. காதல் என்று நினைத்து நான்கு நாளாகப் பொருமிப் பொருமிப் பார்த்ததெல்லாம் உயிர் போவதற்கான அறிகுறி. அவள் தன் வாயாலேயே சொன்னாள், நெஞ்சு அடிக்குது பாருங்கோ என்று. பார்த்தேன் என்று சொன்னால், பிறகு ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பார்கள். அதற்கு ஜெறோமை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது?

“இல்லை” என்றார். “ஒண்டும் தெரியேல்லை.”

டொக்டரின் நெற்றி சுருங்கியது. எதையோ நீளமாக எழுதினார்.

இரவு சந்தியோகு வீட்டுக்குப் போய்ப் படுத்தார். நித்திரை வரவில்லை.

மறுநாள் மத்தியானம் நோயாளர் பார்க்கும் நேரத்தில் இருவரும் போனார்கள். ஜெறோம் கட்டிலுக்கு எட்ட நின்று, “மச்சாள், என்ரை கையாலைதானே இது வந்தது. நான் இனி ஆருக்கும் ஊசி தொடமாட்டன்” என்று கண் கலங்கினார். நான்கு நாளாகச் சந்தியோகு கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டவருக்குக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. இல்லையென்று பொய் சொல்லி என்ன பயன்?

டொக்டர் கஜானி வந்தார். இன்றைக்கு நேரே வசந்தினியோடு பேசினார்.

“அம்மா, சீனி குறையேக்கை உடம்பு முதல்லை காட்டிக்குடுக்கும். உங்களுக்கு ஒண்டும் காட்டாமல் விழுத்தியிருக்கு. அது லேசான விசயமில்லை. ஊசியைக் குறைச்சிருக்கிறம். சீனி கொஞ்சம் கூட நிண்டாலும் பரவாயில்லை எண்டுதான் விடப்போறம். இனி நீங்கள் தனிய எங்கையும் போகக் கூடாது. அடுப்படியிலை தனிய நிக்கக் கூடாது. கோயிலுக்குப் போனாலும் ஆரும் கூட வரவேணும். எந்த நேரமும் ஒராள் பக்கத்திலை இருக்கவேணும்.”

வசந்தினியின் முகம் விழுந்தது. விடியற்காலைப் பூசைக்குத் தனியாக நடந்து போய், திரும்பும்போது சந்தையில் நின்று, நாலு பேரோடு கதைத்துவிட்டு வருவதுதான் அவளுடைய உலகம். “சாகும்வரைக்குமோ டொக்டர்?” என்று கேட்டாள்.

சந்தியோகுவின் மனதுக்குள் இருந்த பேய் அப்போதும் சும்மா இருக்கவில்லை. நல்லதுதானே என்றது. இனி அவள் எந்த நேரமும் உன் கண்ணுக்கு முன்னால். படலையடியில் நிற்கமாட்டாள். ஜெறோமும் வரமாட்டான். நீ ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை, பேசாமல் நின்றால் போதும். அந்தப் பேய் சொன்னதில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்திருந்தது.

வசந்தினி போர்வை நுனியைத் திருகிக்கொண்டு யோசித்தாள். “எனக்கெண்டா வேர்த்த மாதிரி ஒரு நினைவு கிடக்கு டொக்டர். கையும் நடுங்கினதோ என்னவோ… ஒழுங்கா ஞாபகம் வரேல்லை.” பிறகு சந்தியோகுவைப் பார்த்தாள். “ஆனா இவர் இல்லை எண்டு சொன்னா இல்லைத்தான். நான் தும்மினாலும் இவருக்குத் தெரியும். இந்தப் பதினொரு வருசத்திலை என்ரை உடம்பை என்னைவிட இவர்தான் பாத்தவர்.”

டொக்டர் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தை மூடப் போனார்.

“டொக்டர்” என்றார் சந்தியோகு. குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. “நான் நேற்றுச் சொன்னது பொய்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“வேர்த்தது. முதல் நாளே வேர்த்தது, பணிஸ் திண்ட உடனை சரிவந்தது. ரெண்டாம் நாள் கை நடுங்கினது, நெஞ்சு படபடக்குதெண்டு எனக்கே சொன்னவ. மூண்டாம் நாள் கூப்பிடக் கேக்கேல்லை, கறிக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டவ. நான் எல்லாத்தையும் பாத்தனான்.”

“பாத்துப்போட்டு ஏன் ஐயா கொண்டு வரேல்லை?”

சந்தியோகு ஜெறோமைப் பார்க்கவில்லை. கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இவன் ஜெறோம் வந்துபோற நேரத்திலைதான் அதெல்லாம் வந்தது. இவனுக்குத்தான் அவவை முதல்லை பேசி வைச்சது. இவனைக் கண்டு அவவின்ரை மனம் தடுமாறுதெண்டு நினைச்சன்.”

ஜெறோம், “அண்ணை…” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வெளியே நடந்தார். டொக்டர் புத்தகத்தைத் திறந்து, நேற்று எழுதியதைக் கோடிழுத்து வெட்டினார். “அறிகுறி காட்டுதெண்டா பயப்பிடத் தேவையில்லை அம்மா. வேர்த்தா, நடுங்கினா உடனை சீனித் தண்ணி குடிக்கவேணும். நீங்கள் தனியக் கோயிலுக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சந்தியோகுவுக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. டொக்டருக்கு அது தேவையில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

“வசந்தினி, நேற்று நீ விழ முதல்… நான் வாசல்லை வந்து நிக்கேக்கை உனக்கு நினைவு கொஞ்சம் இருந்தது. மச்சான் எண்டு கூப்பிட்டனி. நான் உடனை தூக்கேல்லை. கோவத்திலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். நீ சரிஞ்சு விழுமட்டும் நிண்டனான்.”

அவள் சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கண்ணில் கோபத்தைக் காணவில்லை. புதிதாக வந்த ஓர் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“அந்த இடத்திலை நான் செத்துப்போயிருந்தா,” என்றாள் மெதுவாக, “நான் இன்னொருத்தனை மனசிலை வைச்சுக்கொண்டுதான் செத்தனான் எண்டு, நீங்கள் சாகும்வரைக்கும் நினைச்சுக்கொண்டு இருந்திருப்பியள். என்ன?”

இல்லை என்று சொல்ல அவருக்கு எவ்வளவோ ஆசையாக இருந்தது. அவளும் அந்த இல்லையைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஓம்” என்றார்.